சர்வேயர் மூலை

வலது மூலையில் முந்நூற்று முப்பத்திரண்டு அடி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேஸ்பால் மைதானத்தில் மட்டைக்காரன் நிற்கும் இடத்தில் தரையோடு தரையாக ஒரு வெள்ளைத் தகடு பதித்திருப்பார்கள். ஹோம் பிளேட் என்று பெயர். அங்கிருந்து வலப்பக்கத்து எல்லைக்கோட்டின் மேலேயே நடந்துபோனால், சுவர் வந்து முட்டும் இடம் வரை முந்நூற்று முப்பத்திரண்டு அடி. அந்தச் சுவருக்கு மேலே பந்தைப் பறக்கவிட்டால் ஹோம் ரன். அளந்தவன் நான். என் தந்தையும் சர்வேயர், நானும் சர்வேயர். எங்கள் அளவை எதிர்த்து வழக்குக்குப் போனவர்கள் உண்டு, ஜெயித்தவர்கள் இல்லை.

அந்த மைதானம் இப்போது இல்லை. இடித்துவிட்டு வாகன நிறுத்தம் கட்டிவிட்டார்கள். இன்று அது இருப்பது ஒரே இடத்தில்தான், என் தம்பி செய்த வீடியோ கேமில்.

தம்பி எனக்குப் பத்து வயது இளையவன். அப்பா போனபின் அவனைப் படிக்கவைத்து ஆளாக்கியது நான் என்று சொல்லிக்காட்டுவது என் வழக்கமில்லை. ஆகவே இங்கேயும் சொல்லவில்லை. கேசட்டைச் செருகி டிவியில் விளையாடும் காலம் அது. அப்படிப்பட்ட கேம்களைச் செய்யும் கம்பெனி ஒன்றில் அவன் சேர்ந்தான். பேஸ்பால் கேம் ஒன்றைத் தனி ஆளாக எழுதும் பொறுப்பு அவனுக்கு வந்தது. அன்று கடைகளில் கிடைத்த பேஸ்பால் கேசட்டுகளில் எல்லா ஊர் மைதானமும் ஒரே மைதானம்தான். பெயரையும் புல்லின் நிறத்தையும் மட்டும் மாற்றியிருப்பார்கள். பந்து சுவரைத் தாண்டினால் வாய்க்கு வந்த தூரத்தைத் திரையில் எழுதிக்காட்டுவார்கள்.

"அண்ணே, என் கேம்ல மைதானம் நிஜ மைதானமா இருக்கணும். பந்து இவ்வளவு தூரம் போச்சுன்னு திரையில வந்தா அது நிஜமா இருக்கணும்" என்றான்.

"சுவர்லதான் அடிக்கணக்கு எழுதியிருக்கே, பாத்து எழுதிக்கோயேன்" என்றாள் என் மனைவி.

"எழுதினவன் பெயின்டர். அளந்தவன் எவன்?" என்று கேட்டேன். தம்பி கைதட்டினான்.

ஒரு விடுமுறை நாளில் அனுமதி வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். கையில் ஐம்பது அடி எஃகு டேப். ஒவ்வொரு முறை டேப் முடியும் இடத்திலும் தரையில் ஒரு கம்பியைக் குத்துவோம்; கடைசியில் கம்பிகளை எண்ணினால் எத்தனை முழு டேப் என்று தெரியும், மிச்சத்தைத் தனியாக அளந்து கூட்டிக்கொள்ளலாம். எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. போகும்போது ஒருவர் எண்ண வேண்டும், திரும்பி வரும்போது மறுமுனையைப் பிடித்தவர் எண்ண வேண்டும். இருவரும் தத்தம் கணக்கை முடிக்கும்வரை வாய் திறக்கக்கூடாது. தம்பிக்கும் அதையே விதித்தேன். நாங்கள் பேசாமல் குனிந்து நிமிர்ந்துகொண்டிருப்பதைப் பார்த்த மைதானக் காவலாளி, "அண்ணன் தம்பிக்குள்ள சொத்துத் தகராறா?" என்று கேட்டார்.

வலது மூலைக்கு ஆறு முழு டேப், மேலே முப்பத்திரண்டு அடி. போகும்போது நான் எண்ணியதும் அதுதான், வரும்போது அவன் எண்ணியதும் அதுதான். சுவரில் எழுதியிருந்ததோ முந்நூற்று முப்பத்தைந்து.

"மூணு அடி பொய்யா அண்ணே?"

"பெயின்டர் தாராள மனசுக்காரர்" என்றேன்.

கேம் வெளிவந்து நன்றாக ஓடியது. 'உண்மையான அளவில் உண்மையான மைதானம்' என்று டப்பாவின் மேலேயே அச்சிட்டிருந்தார்கள். சில காலம் கழித்து, முடிவெட்டிக்கொள்ளப் போன இடத்தில் கடைக்காரர் கத்தரியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "சார், அந்த சர்வேயர் நீங்கதானா? அந்த கேம்ல வலது மூலைக்கு சர்வேயர் மூலைன்னுதான் பேரு. வீட்டுல பசங்க நாள் பூரா அதைத்தான் பேசறாங்க."

ஒரு மைதானத்தின் மூலைக்கு என் தொழிலின் பெயர். அதை நான் யாரிடமும் பீற்றிக்கொள்ளவில்லை. கேட்டவர்களிடம் சொன்னேன், அவ்வளவே. பணி ஓய்வுக் கூட்டத்தில் சொன்னேன். தம்பி மகளின் திருமணத்தில் சம்பந்தி வீட்டாரிடம் சொன்னேன். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். மரியாதைச் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

தம்பி குடும்பம் மாடியில், நாங்கள் கீழே. ஒரே வாசல்.

அந்தத் தம்பி மகள்தான் சென்ற மாதம் ஒரு பிற்பகலில் பழைய கேம் பெட்டியும் கேசட்டுமாக என் முன்னறைக்கு வந்தாள். முப்பத்தைந்து வயதாகிறது, இன்னும் வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். தகப்பன் வழியில் அவளும் கேம் கம்பெனியில் இருக்கிறாள். பழைய கேமை இன்றைய கருவிகளில் ஓடும்படி மறுபடி வெளியிடுகிறார்கள். அந்த வேலைக்கு அவள்தான் தலைமை.

"பெரியப்பா, சனிக்கிழமை வெளியீட்டு விழா. நீங்களும் அப்பாவும் மேடையில உக்காரணும்."

"நான் எதுக்கு? கேம் செஞ்சவன் அவன்."

"நீங்க இல்லாம சர்வேயர் மூலை ஏது?" என்றாள். சொல்லிவிட்டு எதையோ தேடுவதுபோல் பைக்குள் குனிந்துகொண்டாள். அப்போது அதை நான் கவனித்தேன், ஆனால் அர்த்தம் செய்துகொள்ளவில்லை.

பெட்டியை டிவியில் மாட்டி, "ஒரு தடவை ஆடிப்பாருங்க பெரியப்பா. இத்தனை வருஷமா தொட்டதே இல்லைங்கறீங்க" என்று ஆடும் கருவியைக் கையில் திணித்தாள். உண்மைதான். வரைபடம் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். பெயர்கள் வரும் திரையில் 'மைதான அளவு' என்பதற்கு எதிரே என் பெயர் வந்ததை மட்டும் அன்று ஒருமுறை பார்த்தேன்.

கட்டை விரலால் பொத்தானை அழுத்தினேன். முதல் பந்து என்னைக் கேட்காமலே போயிற்று. இரண்டாவதும் அப்படியே.

"கதவைத் தள்ளற மாதிரி அழுத்தாதீங்க, லேசா தட்டி விடுங்க" என்றாள்.

அடுத்த பந்து மட்டையில் பட்டது. உயர எழும்பி வலப்பக்கம் போயிற்று. திரை அதன் பின்னாலேயே நகர்ந்தது. சுவரை உரசுவதுபோல் தாண்டி முதல் வரிசை இருக்கையில் விழுந்தது. மேளம் கொட்டியது, எழுத்துகள் மின்னின: ஹோம் ரன், 291 அடி.

சமையலறையிலிருந்து என் மனைவி, "என்ன அது, வீட்டுக்குள்ள கச்சேரி?" என்றாள்.

"உங்க வீட்டுக்காரர் ஹோம் ரன் அடிச்சுட்டார் பெரியம்மா!"

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "பாப்பா, இந்த எண் தப்பு."

"எது?"

"சுவர் முந்நூத்தி முப்பத்திரண்டுல இருக்கு. இருநூத்தித் தொண்ணூத்தி ஒண்ணுல விழுந்த பந்து சுவருக்கு இந்தப் பக்கம்தானே விழணும்? எப்படித் தாண்டிச்சு?"

"பழைய கேம் பெரியப்பா. அதுல போய்..."

"அளந்து பாத்துடலாம்."

"டிவிக்குள்ளயா?"

டிவிக்குள் அளக்க முடியும். பேஸ்பாலில் மைதானத்துக்கு மைதானம் சுவர் மாறும். ஆனால் பந்தை அடித்தவன் முதலில் ஓடிச் சேரும் முதல் தளம், அதே வலப்பக்கத்து எல்லைக்கோட்டில், ஹோம் பிளேட்டிலிருந்து எங்கேயும் தொண்ணூறு அடிதான். அது விதி. ஆகவே திரையிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. கேமில் பந்தைப் பிடித்த ஆள் அதை எறியாமல் வைத்துக்கொண்டால் அவனை எங்கே வேண்டுமானாலும் நடத்திச் செல்லலாம் என்று பாப்பா சொன்னாள். பொம்மைக்குக் களைப்பு கிடையாது, நடை ஒரே சீராக இருக்கும். அவனை ஹோம் பிளேட்டில் நிறுத்தி எல்லைக்கோட்டின் மேல் நடக்கவிடச் சொன்னேன். நான் தொடையில் தாளம் தட்டி எண்ணினேன். முதல் தளத்துக்கு ஒன்பது தட்டு. தட்டுக்குப் பத்தடி. அப்படியானால் சுவர் முப்பத்து மூன்றாவது தட்டில் வர வேண்டும்.

இருபத்தெட்டில் வந்து முட்டியது.

"திருப்பி நடத்து" என்றேன். சுவரிலிருந்து பிளேட்டுக்கு. இருபத்தெட்டு. "இடது பக்கம் போ." இடது பக்கம் நான் கொடுத்த அளவு அச்சு அசலாக இருந்தது. வலப்பக்கம் மட்டும் சுவர் உள்ளே வந்திருந்தது.

"யாரோ சுவரை நகத்தியிருக்காங்க. உங்கப்பாகிட்ட சொல்லு, அவனுக்குத் தெரியாம நடந்திருக்கு" என்றேன்.

பாப்பா கையிலிருந்த கருவியை மெதுவாகக் கீழே வைத்தாள். "பெரியப்பா, விட்டுடுங்களேன்."

"எதை விடறது?"

"அது இருநூத்தி எண்பத்திரண்டு. ஆடறவங்க எல்லாருக்கும் தெரியும். தொட்டா ஹோம் ரன் போற மூலை அதுதான்." கொஞ்சம் நிறுத்தினாள். "சர்வேயர் மூலைன்னு ஏன் பேரு வந்துச்சுன்னு நெனச்சீங்க?"

நான் திரையில் அந்தச் சுவரைப் பார்த்தேன். அவள்தான் சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல். கேம் வந்த புதிதில் ஒரு பத்திரிகைக்காரர் தம்பியிடம் கேட்டிருக்கிறார்: உண்மையான அளவு என்கிறீர்கள், வலது மூலையில் மட்டும் இருநூற்றுச் சொச்சம் அடியிலேயே ஹோம் ரன் வருகிறதே, எப்படி என்று. தம்பி சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான்: அளந்தது என் அண்ணன், ஒரு டேப்பை எண்ண மறந்துவிட்டார், கேசட் அச்சானபிறகுதான் தெரிந்தது, அண்ணனாயிற்றே, எப்படிக் கேட்பது. பத்திரிகையில் வந்தது. ஆடுபவர்களுக்கு அந்த அண்ணனை மிகவும் பிடித்துப்போயிற்று. பெயர் வைத்துவிட்டார்கள்.

"உங்க மனசு நோகும், யாரும் அவர்கிட்ட பேசக்கூடாதுன்னு அப்பா எல்லார்கிட்டயும் சொல்லிவச்சிருந்தார்."

"எல்லார்கிட்டயும்னா?"

என் மனைவி கதவோரத்தில் கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"உனக்கும் தெரியுமா?"

"தெரியும். என்னத்தைச் சொல்றது? கல்யாண வீட்டுல நீங்க எழுந்து நின்னு அந்த மூலையைப் பத்திப் பேசறப்ப எல்லாம் எனக்குத் தரையில புதைஞ்சு போயிடலாமான்னு இருக்கும். மனுஷன்னா ஒரு தப்பு வராதா? அம்பது அடியில என்ன, வீடா இடிஞ்சு போச்சு?"

"வீடு இடிஞ்சா செங்கல்லாவது மிஞ்சும்" என்றேன்.

என் மனைவியும் நம்பியிருக்கிறாள். என்னோடு அத்தனை ஆண்டு வாழ்ந்தவள், அலுவலக அளவை வீட்டில் பாய் விரிப்பதில்கூடக் கடைப்பிடிப்பவன் என்று என்னைக் கேலி செய்பவள், நான் ஒரு முழு டேப்பை மறந்தேன் என்று அவன் சொன்னதும் நம்பியிருக்கிறாள்.

மாடிக்குப் போனேன். தம்பி ஜன்னலோரம் ஒரு செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தான்.

"வாங்க அண்ணே. சனிக்கிழமைக்குச் சட்டை எடுத்து வச்சாச்சா?"

"எத்தனை கம்பிடா?"

"என்ன கம்பி?"

"வலது மூலை. எத்தனை கம்பி குத்தினோம்?"

நகவெட்டி நின்றது. அவன் தலை நிமிரவில்லை. எந்த வலது மூலை என்று கேட்கவும் இல்லை.

"ஆறு" என்றான்.

"அப்ப அஞ்சுன்னு பத்திரிகையில சொன்னது யாரு?"

அவன் செய்தித்தாளை நான்காக மடித்தான். பிறகு பேசினான். கேமை முதலில் சில பிள்ளைகளிடம் கொடுத்து ஆடச் சொல்லியிருக்கிறார்கள். யாராலும் சுவரைத் தாண்ட முடியவில்லை. முதலாளி வந்து, "நிஜம் யாருக்குய்யா வேணும்? பந்து பறந்தாத்தான் கேசட் பறக்கும். ஒரு பக்கமாவது சுவரைக் கொஞ்சம் உள்ள தள்ளு" என்று சொல்லியிருக்கிறார். இவன் தள்ளியிருக்கிறான். தூரம் காட்டும் கணக்கை மட்டும் தொட மறந்துவிட்டான். அது பந்து விழுந்த இடத்தை உள்ளபடி எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. பொய்யான சுவரையும் உண்மையான தூரத்தையும் ஒன்றாகப் பார்த்தவர்கள் பிடித்துவிட்டார்கள்.

"பத்திரிகைக்காரன் திடீர்னு கேட்டுட்டான் அண்ணே. டப்பாவுல வேற கொட்டை எழுத்துல உண்மைன்னு போட்டிருக்கு. என்ன சொல்றதுன்னு தெரியாம வாய் தவறி வந்துடுச்சு."

"வாய் தவறி வந்துச்சா? சரி. முதலாளி எத்தனை அடி தள்ளச் சொன்னார்?"

"கொஞ்சம்னு சொன்னார்."

"நீ எத்தனை தள்ளினே?"

அவன் செய்தித்தாளை இன்னொரு மடிப்பு மடித்தான்.

"நாற்பது தள்ளியிருக்கலாம். அறுபது தள்ளியிருக்கலாம். ஏன்டா சரியா அம்பது?"

முந்நூற்று முப்பத்திரண்டில் ஒரு டேப்பை எடுத்தால் இருநூற்று எண்பத்திரண்டு. வாலில் இருக்கும் முப்பத்திரண்டு அப்படியே நிற்கும். சர்வேயர் ஒருவனுக்கு வரக்கூடிய தவறு என்றால் இப்படித்தான் வரும். அடியில் தவற மாட்டான், கம்பியை எண்ணுவதில் தவறுவான். இது வெளியாளுக்குத் தெரியாது. டேப்பின் மறுமுனையைப் பிடித்தவனுக்குத் தெரியும். பத்திரிகைக்காரர் வந்த அன்று இவன் வாய் தவறவில்லை. சுவரை நகர்த்திய அன்றே, நாளை யாராவது கேட்டால் யாரை நிறுத்துவது என்று பார்த்து, அதற்கு ஏற்ற இடத்தில்தான் சுவரை வைத்திருக்கிறான்.

இதை அவனிடம் சொன்னேன். அவன் மறுக்கவில்லை.

"அன்னிக்கு முதலாளியைக் காட்டிக்கொடுத்தா என் வேலை போயிருக்கும் அண்ணே. நானே மாத்தினேன்னு சொன்னா என்னை யார் நம்புவா? உங்களுக்கு என்ன ஆகப்போகுது? சர்க்கார் உத்தியோகம். பேஸ்பால் கேமைப் பாத்தா உங்களை வேலையை விட்டுத் தூக்கப்போறாங்க? அண்ணன் இருக்கார், தாங்கிக்குவார்னு ஒரு தைரியம்."

"தாங்கச் சொல்லியிருந்தா தாங்கியிருப்பேன். கீழ் வீட்டுலதான் இருந்தேன். இறங்கி வந்து கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா ஒத்துக்கிட்டிருப்பீங்களா?"

"மாட்டேன். சுவரை வச்ச இடத்துல திருப்பி வைன்னு சொல்லியிருப்பேன்."

"அதான்" என்றான்.

மறுவெளியீட்டில் அந்த மூலையின் கதை தனிப்பக்கமாகவே வரப்போகிறது என்று பாப்பா சொல்லியிருந்தாள். மைதானமும் இல்லை, நான் கொடுத்த வரைபடமும் பழைய கம்பெனியோடு போய்விட்டது. ஆறு கம்பி என்று சொல்ல இந்த உலகத்தில் இரண்டு பேர்தான் இருக்கிறோம், டேப்பின் இந்த முனையும் அந்த முனையும். நான் சொன்னால் என்னை நானே காத்துக்கொள்வது. அவன் சொல்ல வேண்டும்.

"சனிக்கிழமை மேடையில சொல்லு. முதலாளியைப் பத்தியெல்லாம் பேச வேண்டாம். ஆறுன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும். அப்பா பேருக்காவது சொல்லு."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சொல்றேன் அண்ணே. நீங்க கேக்கவே வேண்டாம், நானே சொல்றேன்" என்றான்.

நம்பினேன். தம்பி சொன்னால் நம்பாமல் வேறு யாரை நம்புவது?

விழா பாப்பாவின் கம்பெனிக் கூடத்தில். நாற்காலிகளில் இடமில்லாமல் சுவரோரம் எல்லாம் ஆட்கள் நின்றார்கள். பாதிப் பேர் தலையில் தொப்பி. நரை விழுந்தவர்கள்கூடப் பள்ளிப் பிள்ளைகள்போல் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் மேடை ஏறியபோது "சர்வேயர்! சர்வேயர்!" என்று கூவினார்கள். போன வாரமாக இருந்திருந்தால் கைகூப்பி வணங்கியிருப்பேன்.

மேலாளர் வண்ணக் காகிதம் சுற்றிய ஒரு பொட்டலத்தை என்னிடம் கொடுத்தார். "பிரிச்சுப் பாருங்க ஐயா, எல்லாரும் பாக்கணும்" என்றார். பிரித்தேன். புத்தம் புதிய எஃகு டேப். ஐம்பது அடி.

"இந்தத் தடவை எண்ணி அளங்க ஐயா!" என்றார் மேலாளர். கூடம் அதிர்ந்தது. அந்தச் சிரிப்பில் வெறுப்பு எதுவும் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். செல்லப் பிராணியைப் பார்த்துச் சிரிப்பதுபோல் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

தம்பி எழுந்து பேசுவான் என்று காத்திருந்தேன். அவனும் சிரித்துக்கொண்டிருந்தான். பக்கவாட்டில் நின்ற பாப்பா மட்டும் சிரிக்கவில்லை.

மைக்கை நான் வாங்கினேன். "நன்றி. ஒரு விஷயம். டேப்புக்கு ரெண்டு முனை. ஒரு முனையை நான் பிடிச்சேன், இன்னொரு முனையைப் பிடிச்சவன் இதோ என் பக்கத்துல இருக்கான். திரும்பி வரும்போது கணக்கு அவனுதுதான். எத்தனை டேப்புன்னு அவனே சொல்லட்டும்."

மைக்கை அவனிடம் நீட்டினேன்.  வேடிக்கை ஏதோ வரப்போகிறது என்று எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். தம்பி கூட்டத்தைப் பார்த்தான். மேலாளரைப் பார்த்தான். மகளைப் பார்த்தான். பிறகு எழுந்து வந்து என் தோளில் கை போட்டுக்கொண்டான்.

"அண்ணன் எத்தனைன்னு சொல்றாரோ அத்தனை. சின்ன வயசுலேர்ந்து எங்க வீட்டுல அண்ணன் சொல்றதுதான் கணக்கு. அவர் சொல்லி நான் எதிர்த்துப் பேசினதே இல்ல" என்றான்.

கைதட்டல் ஓயவே இல்லை. முதல் வரிசையில் ஒரு பெண்மணி, "தம்பின்னா இப்படி இருக்கணும்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

அவன் ஐந்து என்று சொல்லியிருந்தால் பரவாயில்லை. பொய்க்குப் பதில் சொல்லலாம். இதற்கு என்ன சொல்வது? இனி நான் ஆறு என்று சொன்னால் அது அளவு இல்லை, கிழவனின் பிடிவாதம். தம்பி பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தது என்று ஆகிவிடும். என் வாயை அடைக்க அவன் மரியாதையை எடுத்துப் பயன்படுத்தினான். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய ஆயுதம் கிடையாது என்று அவனுக்குத் தெரியும்.

அத்தனை பேர் நடுவில் அவனைப் பொய்யன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் சிரிப்பு நின்றிருக்கும். ஆனால் மறுநாள் அந்தத் தொப்பிக்காரர்கள் பேசுவது சுவரைப் பற்றி இருக்காது. மேடையில் அடித்துக்கொண்ட அண்ணன் தம்பியைப் பற்றி, எங்கள் அப்பா பெற்ற பிள்ளைகளைப் பற்றி இருக்கும். நான் அவன் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை பாப்பா மடிக்கணினியோடு கீழே இறங்கி வந்தாள். இரவு தூங்கியவளாகத் தெரியவில்லை.

"பெரியப்பா, நேத்து அப்பா பதில் சொல்லவே இல்ல."

"சொன்னானே. எல்லாரும் கைதட்டினாங்களே."

"நான் வீட்டுக்கு வந்து கேட்டேன். அஞ்சா, ஆறா? ஒரே ஒரு எண்தானேப்பா, சொல்லுங்கன்னேன். அதான் அண்ணன் சொல்றதுதான்னு சொல்லிட்டேனேன்னு கத்தறார். எனக்குப் புரிஞ்சிடுச்சு." நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "கதைப்பக்கம் இன்னும் என் கையிலதான் இருக்கு. இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் மாத்தலாம். நடந்தது என்னன்னு நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்."

என் மனைவி அவளுக்குக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். அவளும் என் வாயைப் பார்த்தாள். சொல்லுங்களேன் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். முதல் நாள் கூடத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவள் அவள். வீடு திரும்பும்போது காரில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஆறு. ஒரே சொல். ஆனால் அதை எழுதப்போவது அவன் மகள். தகப்பன் முகத்தில் மகள் கையால் கரி பூசவைத்து என் முகத்தை நான் கழுவிக்கொள்வதா? அவன் என்னை நிறுத்த இடம் பார்த்து வைத்ததைப்போல் நான் இவளை நிறுத்த முடியாது.

"கதைப்பக்கத்தை எடுத்துடு. கதையே வேண்டாம்" என்றேன்.

"அது மட்டும் போதுமா?"

"பேர் வர்ற திரையில மைதான அளவுன்னு என் பேர் இருக்கில்ல? அதையும் எடுத்துடு."

"பெரியப்பா!"

"எல்லா மூலையும் என் அளவு இல்ல. கலப்படத்துல எனக்குப் பங்கு வேண்டாம்."

"அந்த இடத்துல யார் பேரைப் போடறது? காலியா விட முடியாது, ஒரு வரி வரணும்."

"சுவரை வச்சது யாரோ அவங்க பேரைப் போடு."

பாப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்து வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. மடிக்கணினியைத் திறந்தாள். சில விசைகள். முடிந்துவிட்டது. காபி ஆடை கட்டிப்போயிருந்தது. என் மனைவி அதை எடுத்துக்கொண்டு போய் வேறு கலந்து வந்தாள்.

மாலையில் தம்பி இறங்கி வந்தான். என்றும் செருப்புச் சத்தத்தோடு இறங்குபவன், அன்று வெறுங்காலோடு வந்தான். முன்னறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே, பாப்பா எல்லாத்தையும் மாத்திட்டா. அளவுக்கு என் பேரைப் போட்டிருக்கா. இனிமே அந்த மூலையைக் காட்டி எல்லாரும் என்னைத்தான் கேப்பாங்க. நான் என்ன சொல்றது?"

சிறு வயதில் அடிபட்டு வந்தால் இதே இடத்தில்தான் இப்படி நிற்பான். டேய், உள்ளே வாடா என்பேன். வந்து காலடியில் உட்கார்ந்துகொள்வான்.

நான் எழுந்து நின்றேன். வீட்டுக்கு யாராவது புதிதாக வந்தால் எழுந்து நிற்பது எங்கள் வழக்கம்.

"வாங்க" என்றேன். எதிர் நாற்காலியைக் காட்டினேன். "உட்காருங்க. காபி சாப்பிடறீங்களா?"

அவன் உட்காரவில்லை. கதவைப் பிடித்திருந்த கையை எடுத்தான். எங்கே வைப்பது என்று தெரியாததுபோல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.